கே.டி.சி. நகரிலிருந்து டவுனுக்கு: பஸ்ஸா, வண்டியா, முடிவு எங்கே ஆகிறது?

கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். திருநெல்வேலியில், பாளையங்கோட்டைப் பக்கமுள்ள கே.டி.சி. நகரில் வீடு, டவுன் ரதவீதிப் பக்கம் வேலை. தினமும் போய்வர இருசக்கர வண்டி வாங்குவதா, பஸ்ஸிலேயே சமாளிப்பதா என்பது முதலாவது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் வந்து இத்தனை வருஷமாகியும் வண்ணார்பேட்டையில் இருசக்கர வண்டிக் கூட்டம் ஏன் குறையவில்லை என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை பஸ் ஸ்டாப்பில்தான் இருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்து ஆட்கள் முடிவு செய்கிறார்கள் என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். எத்தனை நேரம் நிற்க வேண்டும், அது நாளைக்கும் அதே அளவாக இருக்குமா, ராத்திரி திரும்பி வர வழி உண்டா என்பவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

ஊரின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். பாளையும் நெல்லையும் ஆற்றின் இரு கரைகள். 1843-ல் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கும் வரை படகில்தான் தாமிரபரணியைக் கடந்தார்கள். இன்றைக்கும் பாளைப் பக்கமிருந்து டவுனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஜங்ஷன் என்ற ஒரே கழுத்து வழியாகத்தான் நுழைகிறார்கள். மேலப்பாளையத்துக்காரர்களுக்குக் கருப்பந்துறை வழி உண்டு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதை நம்ப முடியாது. ஜங்ஷன் தாண்டியதும் தண்டவாளம். அதைக் கடக்க 1973-ல் கட்டியதுதான் ஈரடுக்கு மேம்பாலம். மேல்தளத்தில் பஸ், கார், லாரி. கீழ்த்தளத்தில் சைக்கிளும் இருசக்கர வண்டியும். காலை எட்டரை மணிக்குப் பஸ்ஸும் வண்டியும் ஒரே நெரிசலில் மாட்டினாலும், சந்து பார்த்து முன்னே போவது வண்டி. சாலை காலியாக இருக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். நெரிசல் கூடக் கூடத்தான் வண்டி லாபம். அப்படி எல்லோரும் வண்டி எடுக்க, அதே நெரிசலில் பஸ் இன்னும் பிந்துகிறது.

இனி கணக்கு. போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் ஒரு பயணத்தை நான்கு துண்டாக வெட்டுவார்கள்: வீட்டிலிருந்து ஸ்டாப்புக்கு நடை, காத்திருப்பு, வாகனத்துக்குள் இருக்கும் நேரம், இறங்கியபின் நடை. வாகனத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிஷத்தை விட, நடக்கும் நிமிஷமும் நிற்கும் நிமிஷமும் மனசுக்குச் சுமார் இரண்டு மடங்கு நீளம் என்று பல ஊர்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நிழலில்லாத ஸ்டாப்பில் நிற்பவருக்கு இரண்டு மடங்கு என்பதும் குறைவுதான்.

கே.டி.சி. நகர் – டவுன் தூரம் சுமார் 8 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள நிமிஷங்களும் ரூபாயும் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் தெரு, உங்கள் நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் ஸ்டாப்புக்கு நடை 7 நிமிஷம், காத்திருப்பு 10, பஸ்ஸுக்குள் 35, இறங்கி நடை 5, மொத்தம் 57. நடையையும் காத்திருப்பையும் இரட்டிப்பாக்கினால் 44 + 35 = 79. வண்டியில் ஓட்டம் 25 நிமிஷம், நிறுத்திவிட்டு நடப்பது 3. அதை இரட்டிப்பாக்கினால் மொத்தம் 31. ஒரு தடவைக்கு 48 நிமிஷ வித்தியாசம். போக, வர 96 நிமிஷம்.

இந்த நேரத்துக்கு விலை போடவேண்டும். மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 200 மணி நேர வேலை என்றால் மணிக்கு 75 ரூபாய். பயண நேரத்தைச் சம்பள நேரத்தில் பாதி மதிப்புக்கு எடுப்பது வழக்கம். ஆக மணிக்கு 37.50. ஒரு நாளைக்கு 96 நிமிஷம் 60 ரூபாய் ஆகிறது; 25 வேலை நாளைக்கு 1,500. பஸ் கட்டணம் ஒரு தடவைக்கு 15 ரூபாய் என்றால் மாதம் 750. அப்படியானால் பஸ்ஸில் போகும் ஆணுக்கு உண்மைச் செலவு 2,250.

வண்டிக்கு மாதம் 400 கி.மீ. நெரிசலில் லிட்டருக்கு 40 கி.மீ. கொடுத்தால் 10 லிட்டர் பெட்ரோல். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே. ஒரு லட்சம் கொடுத்து வாங்கி, ஏழு வருஷம் கழித்து 30,000-க்கு விற்றால் தேய்மானம் மாதம் 833. இன்சூரன்ஸ், சர்வீஸ், ஆயில், டயர், செயின் எல்லாம் சேர்த்து ஒரு 450. மொத்தம் சுமார் 2,300.

2,250-க்கும் 2,300-க்கும் நடுவே ஐம்பது ரூபாய்தான் இருக்கிறது. முழுக் கணக்குப் போட்டால் பஸ்ஸும் வண்டியும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் வண்டி வைத்திருப்பவர் முழுக் கணக்குப் போடுவதில்லை; பெட்ரோல் பங்கில் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்தான் அவர் கண்ணில் படுகிறது. அவர் பார்வையில் 1,000-க்கு எதிரே 2,250. சாவி கையில் இருக்கும்வரை அவர் பஸ் ஏறமாட்டார்.

அதை அறியாமை என்று சொல்லிவிடவும் கூடாது. நம் பக்கம் வண்டி வேலைக்குப் போக மட்டும் வாங்கப்படுவதில்லை. நடுராத்திரி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓட, நாங்குநேரிப் பக்கத்து ஊரில் ஒரு விசேஷத்துக்குத் தலை காட்டிவிட்டு அன்றே திரும்ப, ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் போய்வர, வயலில் மோட்டார் போட என்று வாங்குகிறார்கள். அதற்கே அந்த ஒரு லட்சம் போய்விட்டது. வேலைக்குப் போகும் பயணம் அதன் முதுகில் இலவசமாக ஏறிக்கொள்கிறது. ஆகவே காலையில் பஸ்ஸை நன்றாக ஓட்டினால் மட்டும் வண்டி வாங்குவது நிற்காது. ராத்திரி ஒன்பதரைக்கு மேலும் ஞாயிறன்றும் பஸ் ஓடுகிற ரூட்டில்தான் ஒரு குடும்பம் இரண்டாவது வண்டி வாங்குவதைத் தள்ளிப்போட யோசிக்கும்.

இரண்டாவது கேள்வி இங்கேதான் அவிழ்கிறது. 2021 மே மாதம் முதல் அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மேலே போட்ட கணக்கில் 750 கழிந்து பெண்ணுக்குப் பஸ் செலவு 1,500 ஆகிறது. வண்டியின் முழுச் செலவு 2,300. பஸ் தெளிவாக ஜெயிக்கிறது. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொல்கிறது. ஜவுளிக்கடையிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் ஒருவருக்கு அது பெரிய தொகை. ஆனால் அந்தப் பெண்களில் பெரும்பாலோர் முன்பும் வண்டியில் போனவர்கள் கிடையாது. பஸ்ஸில் காசு கொடுத்துப் போனவர்கள், ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தவர்கள், இரண்டு ஸ்டாப் தூரம் வெயிலில் நடந்தவர்கள். பஸ்ஸில் கூட்டம் கூடுவது அவர்களால். சாலையில் வண்டி குறையாததும் அதனால்தான். திட்டம் தோற்றதாக இதைச் சொல்வது தவறு. அது யாருக்காக வந்ததோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வண்டி ஓட்டுகிற ஆணை இறக்கிப் பஸ்ஸில் ஏற்றும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இதிலே வெளியே தெரியாத ஒரு செலவு உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் ரூட்டில் ஒன்று விட்டு ஒன்று தனியார் பஸ் என்று வையுங்கள். தனியாரில் பெண்ணும் டிக்கெட் எடுக்க வேண்டும். அரசு பஸ்ஸுக்காக நிற்கும் பெண்ணுக்கு அந்த ரூட் இருபது நிமிஷத்துக்கு ஒரு பஸ் ஓடும் ரூட்டாகிவிடுகிறது. மிச்சமாகும் காசை அவர் நின்று சம்பாதிக்கிறார். பிள்ளை பால்வாடியிலிருந்து வரும் நேரம் நெருங்கினால் அந்தக் கணக்கு உடைந்து, அவரும் முதலில் வந்த பஸ்ஸில் காசு கொடுத்து ஏறிவிடுவார். ஒரே ஆள் காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றும் தேர்ந்தெடுப்பதற்கு இப்படிக் காரணம் இருக்கிறது.

காத்திருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். பஸ் ஓட்டுகிறவர்களே பல சமயம் கவனிக்காத விஷயம் இது. மணிக்கு ஆறு பஸ் என்று அட்டவணை சொன்னால், பத்து நிமிஷ இடைவெளியில் ஒழுங்காக வரும்போது சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிஷம். அதே ஆறு பஸ் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு வந்தால் இடைவெளி இருபது நிமிஷம், காத்திருப்பு பத்து. பஸ் எண்ணிக்கை மாறவில்லை, டீசல் செலவு மாறவில்லை, பயணிக்கு நேரம் இரட்டிப்பாகிவிட்டது. ஏன் ஒட்டுகின்றன? சமாதானபுரத்தில் இரண்டு நிமிஷம் பிந்திய பஸ்ஸுக்கு அடுத்த ஸ்டாப்பில் இரண்டு நிமிஷக் கூட்டம் கூடுதலாக நிற்கும். அவர்களை ஏற்ற நேரம் பிடிக்கும், இன்னும் பிந்தும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஆள் குறைவு. அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். டைமிங் பிரச்சினையும் சேர்ந்தால், முன்னால் போகிறவர் கூட்டத்தை அள்ளிக்கொள்ள நின்று நின்று போவார், பின்னால் வருகிறவர் முந்தப் பார்ப்பார். இதைச் சரிசெய்யப் புதுப் பஸ் வாங்கத் தேவையில்லை. ரூட்டின் நடுவே ஒன்றிரண்டு இடத்தில் டைம்கீப்பர் நின்று, சீக்கிரம் வந்த பஸ்ஸை நிறுத்தி வைத்து அனுப்பினால் போதும். நம் கணக்கில் காத்திருப்பு 10-லிருந்து 5 ஆனால் மாதம் சுமார் 310 ரூபாய் குறைகிறது; ஆணுக்கும் பஸ் 1,940-க்கு வந்துவிடும், வண்டி 2,300-லேயே நிற்கும்.

அந்த 310 ரூபாய் யாரை மாற்றும்? தராசு ஏறக்குறைய சமமாக நிற்கும் ஆட்களை மட்டும். ஏற்கெனவே ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தவரை அது அசைக்காது. இந்த எண்ணத்தைக் கணிதமாக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன். அதற்காக 2000-ல் நோபல் பரிசு பெற்றார். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 1970-களில் புது ரயில் வந்தபோது, வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வ மதிப்பீடு. ஆட்களின் நேரம், செலவு, நடை, காத்திருப்பு எல்லாவற்றையும் வைத்து அவர் குழு சொன்னது 6.3 சதவீதம். ஏறியவர்கள் 6.2 சதவீதம்.

அந்தத் துறையில் சிவப்புப் பஸ், நீலப் பஸ் என்று ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. ஒரு ஊரில் பாதிப் பேர் காரிலும் பாதிப் பேர் சிவப்புப் பஸ்ஸிலும் போகிறார்கள். அதே ரூட்டில் அதே நேரத்துக்கு நீலப் பஸ் ஒன்றை விட்டால் ஆட்கள் மூன்றுக்கும் சமமாகப் பிரிவார்கள் என்று எளிய சூத்திரம் சொல்லும். நடப்பில் நீலப் பஸ் சிவப்புப் பஸ்ஸின் ஆட்களைத்தான் பிடுங்கும். கார்க்காரர் காரிலேயே போவார். ஜங்ஷன் – பாளை பஸ் ஸ்டாண்ட் ரூட்டில் இன்னொரு பஸ் விடுவதும் இப்படித்தான். ஏற்கெனவே பஸ் நிறைய ஓடும் ரூட்டில் கூட்டும் பஸ், மற்றப் பஸ்ஸின் வசூலைத்தான் பங்கு போடும். பஸ்ஸே நுழையாத உள் நகர்களிலிருந்து மெயின் ரோட்டுக்கு மினி பஸ் வந்தால் அந்த 7 நிமிஷ நடை 2 நிமிஷமாகும். புது ஆள் அங்கிருந்துதான் கிடைப்பார்.

ரயில் வேறு மாதிரி வேலை செய்கிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கமிருந்தும், திருச்செந்தூர் ரூட்டில் நாசரேத், ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர்ப் பக்கமிருந்தும் நெல்லைக்கு சீசன் டிக்கெட்டில் வருகிறவர்கள் உண்டு. ரயில்கள் நாளைக்குச் சிலவே; ஆனாலும் யாரும் மணிக்கணக்கில் நிற்பதில்லை, நேரம் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். இடைவெளி ஏறக்குறைய கால் மணி நேரத்தைத் தாண்டினால் ஆட்கள் அட்டவணைக்கு மாறிவிடுவார்கள் என்பது பொது அனுபவம். அப்போது முக்கியம், சொன்ன நேரத்துக்கு வருவது. இரண்டாம் வகுப்பு மாத சீசனின் விலை சுமார் 15 ஒற்றைப் பயணத்தின் அளவுதான். மாதம் 50 பயணம் போகிறவருக்கு இதைவிட மலிவு எதுவுமில்லை. முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம் உண்டு, அதைப் புதிதாகச் சேருகிறவர்கள் கவனிக்கவேண்டும். ரயிலை விட்டுவிடுகிறவர்களில் பலருக்குக் காரணம் மாலை ரயில். ஆறு மணிக்குக் கடை விடாது, ஆறரைக்கு ரயில் போய்விடும் என்றால் காலை ரயில் எவ்வளவு சௌகரியமாக இருந்தாலும் பயனில்லை. வீடு பார்க்கும்போது காலை ரயிலைப் பார்க்கிறவர்கள் மாலை ரயிலை முதலில் பார்க்கட்டும்.

ஷேர் ஆட்டோவின் பலம் கைகாட்டிய இடத்தில் நிற்பது. அந்த ஒன்றினாலேயே நடையும் காத்திருப்பும் குறைகின்றன. ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் என்பதால் நெரிசல் நேரத்தில் பிரமாதம், மதியம் மோசம். கார் டவுனுக்கு வேண்டாம். ரதவீதியைச் சுற்றி நிறுத்த இடம் தேடும் நேரம் ஓட்டத்தில் மிச்சமானதைத் தின்றுவிடும். ஆனித் தேரோட்டத்தின்போதும் தீபாவளி ஜவுளி நாட்களிலும் உள்ளே விடவே மாட்டார்கள்.

குடும்பத்தில் ஒரே வண்டி இருந்தால் அது யாருக்கு என்பதில்தான் மற்றவர்களின் முடிவும் அடங்கியிருக்கிறது. பாளையில் பள்ளிக்கூடங்கள் நெருங்கி இருப்பதால் காலை எட்டேகாலுக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போகும் பயணம் மிக அதிகம். ஒரே பயணத்துக்குள் இரண்டு மூன்று வேலையை முடிக்கிறவருக்குப் பஸ் சரிப்படாது; ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு காத்திருப்பு புதிதாகச் சேரும். பிள்ளைக்கு ஸ்கூல் வேன் ஏற்பாடானால், பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் எதில் போவது என்பது அந்த மாதமே மாறிவிடுகிறது. கணவன் மனைவி இருவரும் ஒரே திசையில் போனால் வண்டிச் செலவை இரண்டால் வகுக்கவேண்டும். அப்போது பஸ் போட்டியிடவே முடியாது. பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். 2022 அக்டோபரிலிருந்து அபராதம் 1,000 ரூபாய்.

மழைக்காலத்தைத் தனியாக எண்ணுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் திரும்புவார்கள். அன்றுதான் பஸ் பிந்தும், ஆட்டோ கிடைக்காது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஜங்ஷன் பகுதியே தண்ணீருக்குள் இருந்தது, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அத்தகைய நாளில் எந்த வண்டியும் உதவாது. ஆனால் சாதாரண மழை நாட்களுக்கு ஒரு மாற்று வழி கைவசம் வேண்டும்: எந்தப் பஸ், எங்கே ஏறுவது, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பது வண்டிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. முதல் மாதம் வண்டி வாங்காதீர்கள். ஆறு வேலை நாளைக்கு, அதில் ஒரு திங்களும் ஒரு சனியும் வரும்படி, பஸ்ஸில் போய் நான்கு துண்டு நேரத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை விட அதிகபட்சக் காத்திருப்பைப் பாருங்கள். ஒன்பதரைக்கு ஆஜராக வேண்டியவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை அதுதான் முடிவு செய்யும். கே.டி.சி. நகரில் திருச்செந்தூர், தூத்துக்குடி ரூட் பஸ்களும் கிடைக்கும். அவை புதுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகின்றனவா, ஜங்ஷனுக்கா என்று ஏறும்முன் கேளுங்கள். புதுப் பஸ் ஸ்டாண்ட் இருக்கும் வேய்ந்தான்குளத்தில் இறங்கி மறுபடி டவுன் பஸ் பிடித்தால் இரண்டாவது காத்திருப்பு சேர்ந்து மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். மாற்றிப் போவதாக இருந்தால் வண்ணார்பேட்டையில் மாறுங்கள். அங்கே அடுத்த பஸ் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கடை அடைத்து இரவு ஒன்பதரைக்கு வெளியே வருகிற வேலையானால், அந்த நேரத்தில் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காலைப் பயணம் எப்படியும் நடந்துவிடும். உங்களை வண்டி வாங்க வைப்பது அந்த இரவு நேரம்தான்.

வாங்குவதென்று ஆனால், தினம் 16 கி.மீ. ஓட்டத்துக்கு மின்சார ஸ்கூட்டர் நல்ல பொருத்தம். மாதம் 400 கி.மீ.க்குச் சார்ஜ் நஷ்டத்தையும் சேர்த்து 15 முதல் 20 யூனிட் வரை ஆகும். பெட்ரோலுக்குப் போகும் ஆயிரத்தில் பெரும்பகுதி நிற்கும். வாடகை வீடென்றால் அட்வான்ஸ் கொடுக்கும்முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி நிறுத்துமிடத்தில் எர்த்துடன் கூடிய 15 ஆம்பியர் பிளக் வைக்க விடுவார்களா, உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் உண்டா. மாடி வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவது பிளக்கும் வயரும் சூடாகி உருகுகிற வழி. அந்த வீட்டில் வேறு வசதி இல்லையென்றால் பெட்ரோல் வண்டியே வாங்குங்கள்.